கப்பலின் அடிவயிற்றில் ஒரு பிளக்

சரக்குக் கப்பலின் அடித்தகட்டில் வேண்டுமென்றே துளை போட்டு வைத்திருப்பார்கள். அடியிலுள்ள தொட்டிகளுக்குத் தனித்தனியாக ஒரு துளை. அதை அடைத்து நிற்பது மரை வெட்டிய ஓர் உலோகப் பிளக். கப்பல்காரர்கள் ‘பாட்டம் பிளக்’ என்பார்கள்.

எதற்கு இந்தத் துளை? சரக்கில்லாத கப்பல் நிலையாகப் போக, அடித்தொட்டிகளில் கடல்நீர் நிரப்புவார்கள். வெளியேற்றப் பம்பு உண்டு. ஆனால் உறிஞ்சும் குழாயின் வாய் தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்பதால் கடைசித் தண்ணீர் தங்கிவிடும். கடலில் அது தொல்லையில்லை. ஆனால் ட்ரை டாக்கில், அதாவது நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளத்தில், ஏற்றிய பிறகு தொட்டிக்குள் ஆள் இறங்கித் துரு தட்ட வேண்டும், வெல்டிங் செய்ய வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அப்போது கீழிருந்து பிளக்கைக் கழற்றினால் மிச்சமும் வடிந்துவிடும். கப்பலைத் தாங்கும் கட்டைகள் பிளக்கை மறைத்துவிடாதபடி அதன் இடத்தை வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள்.

சாதாரண இரும்பில் செய்தால் பிளக் துருவேறி மரையோடு இறுகிவிடும். அதனால் வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்கிறார்கள். இங்கேதான் வேறொரு சிக்கல் வருகிறது. உப்புநீரில் வெண்கலமும் எஃகும் ஒட்டியிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரிதான். வெண்கலம் பிழைக்கும், சுற்றியுள்ள எஃகுத் தகடு அரிபடும். பிளக்கைவிடத் தகடுதான் முக்கியம் என்பதால், பிளக்கை முடுக்கியதும் அதன்மேல் சிமென்ட் பூசி மூடுகிறார்கள். கடல்நீர் உலோகத்தைத் தொடாது. சிமென்ட்டின் காரத்தன்மையும் எஃகைக் காக்கும். எவ்வளவு எளிய வைத்தியம்!

10 மீட்டர் ஆழத்தில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளக்கை நீர் தள்ளும் விசை சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். மரை அதைச் சுலபமாகத் தாங்கும். ஆனால் பிளக்கே இல்லையென்றால், காலித் தொட்டிக்குள் முதலில் மணிக்கு ஏறக்குறைய 60 டன் வேகத்தில் நீர் பாயும். தொட்டியோடு நின்றுவிட்டாலும் கப்பல் சாய அது போதும்.

ஆகவே கழற்றிய பிளக்குகளைத் தொட்டியின் பெயரெழுதி, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசர் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வார். மரையைத் துலக்கி, புது வாஷர் போட்டு, அவர் கண்முன்னே முடுக்க வேண்டும். சிமென்ட் பூசுமுன் பிளக்கின்மேல் வெற்றிடப் பெட்டி வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக் கசிவு பார்ப்பதும் உண்டு. அப்புறம் டாக்கில் நீர் விடுவார்கள். கப்பல் மிதக்குமுன் நீரை நிறுத்தி, ஒவ்வொரு தொட்டியிலும் மட்டம் ஏறியிருக்கிறதா என்று அளப்பார்கள். ஏறவில்லை என்று தகவல் வந்தபிறகே டாக்கில் நீர் விடும் வால்வு மறுபடி திறக்கும்.