பலூன் எங்கே விரிகிறது?

சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அவசரப் பிரிவுக்கு இப்படித் துடித்துக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். காரணம் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பது. சாதாரண சளி மாத்திரையே சிலருக்குப் பாதையை முழுதாக அடைத்துவிடும்.

வைத்தியம் என்னவோ தெரிந்ததுதான்: ஃபோலி கத்தீட்டர் என்ற டியூபை உள்ளே விட்டு, நுனியிலுள்ள சிறு பலூனில் சுமார் 10 மி.லி. நீரை ஏற்றிவிட்டால் அது நழுவாமல் நிற்கும். ஆணுக்குச் சிறுநீர்ப் பாதை ஏறக்குறைய 20 செ.மீ.; நடுவே வளைவும் பிராஸ்டேட்டும் உண்டு. டியூபை விடுபவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. சிறுநீர் வந்தால் சரி. வராவிட்டால்? தடவிய ஜெல் டியூபின் துளையை அடைத்திருக்கலாம். நுனி பிராஸ்டேட்டிலேயே சுருண்டு நிற்கலாம். சிறுநீர்ப்பையில் சிறுநீரே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது நிலையில் பலூனை ஊதினால் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும்.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவி, ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் புரோபை வைக்கிறார்கள். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் ஜெல். 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலி, நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, திசுக்கள் மாறும் இடங்களில் பட்டுத் திரும்புகிறது. சிறுநீரில் அதைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. அதனால் நிரம்பிய சிறுநீர்ப்பை திரையில் கன்னங்கறுப்பாகத் தெரியும். ரத்தக்கட்டி இருந்தால் அதற்குள் சாம்பல் நிறத் திட்டு.

சிறுநீர்ப்பையின் நீள, அகல, ஆழத்தைப் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் தோராயமான அளவு கிடைத்துவிடும். 12, 10, 10 செ.மீ. என்றால் சுமார் 620 மி.லி. எண்ணை மட்டும் காட்டும் கையடக்கக் கருவிகளும் உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கருப்பையருகே கட்டி இருந்தாலோ அதையும் சிறுநீர் என்றே அவை கணக்கிட்டுவிடக்கூடும். அந்த எண்ணைவிடப் படத்தையே நம்பலாம் என்பேன்.

டியூப் உள்ளே வந்ததும் கறுப்புக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள் இணையாகத் தெரியும். சந்தேகமா, டியூப் வழியாகக் கொஞ்சம் சலைன் செலுத்தினால் நுண்குமிழிகள் பையினுள் பளிச்சென்று சுழலும். அப்புறம் பலூனை விரித்தால் அது தெளிவான வட்டமாக மிதக்கும். இதெல்லாம் பை நிரம்பியிருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். வடிந்துவிட்டால் சுவர் பலூனைக் கவ்விக்கொள்ளும்.

ஆனால் குறுகிப்போன பாதையை ஸ்கேன் அகலமாக்கித் தராது. டியூப் போகவே இல்லை என்றால் அடிவயிறு வழியாக ஊசி குத்திச் சிறுநீரை எடுப்பார்கள். நிரம்பிய பை மேலெழுந்து குடலை ஒதுக்கித் தள்ளியிருக்கும். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் குடல் குறுக்கே ஒட்டிக்கிடக்கலாம். அதனால் குத்துமிடத்தை முதலில் ஸ்கேனில் பார்ப்பது அவசியம்.

வடிந்தபின் அதே புரோபை விலாப்பக்கம் நகர்த்திச் சிறுநீரகங்களையும் பார்த்துவிடுவது நல்லது. அவை விரிந்திருந்தால் ரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். அடைப்பு நீங்கியதும் சிலருக்குச் சிறுநீர் அளவுமீறிப் போகும். மணிக்கு 200 மி.லி.க்கு மேல் தொடர்ந்து போனால் நோயாளியை உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.