வில் உமிழ்ந்த உண்டை

திருமங்கலத்திலிருந்து பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. "கம்பராமாயணத்தில் சின்ன வயது இராமன் கூனியின் முதுகில் மண் உருண்டையை வில்லால் அடித்தான் என்று தமிழ் ஐயா சொன்னார். அம்பு என்றால் நாணில் பொருத்தலாம். உருண்டையை எப்படிப் பொருத்துவது? வழுக்கி விழுந்துவிடாதா? அப்படியே போனாலும் நேராக வில்லிலேயே போய் மோதாதா?"

கேள்வியின் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் பாதியை யாரும் கேட்பார்கள். 'வில்லிலேயே மோதாதா' என்று கேட்பதற்கு மனதுக்குள் வில்லைப் பிடித்து, இழுத்து, விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். உண்டை என்றால் உருண்டை; அதை அடிக்கும் வில் உண்டைவில், பேச்சில் உண்டிவில். இன்று மதுரைப் பக்கம் உண்டிவில் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கவட்டைதான். கொய்யா மரத்திலோ புளிய மரத்திலோ வெட்டிய கவைக் கொம்பு, சைக்கிள் டியூபில் அறுத்த ரப்பர் பட்டை, நடுவில் ஒரு தோல் துண்டு. இராமன் கையில் இருந்தது அது இல்லை. வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவணும் இல்லை. கவண் என்பது தலைக்கு மேல் சுழற்றி விடும் கயிறு. உண்டைவில் என்பது உண்மையிலேயே வில். மூங்கிலை வளைத்து நாண் பூட்டிய வில். வித்தியாசம் என்னவென்றால் அதற்கு நாண் ஒன்றில்லை, இரண்டு. இரண்டும் விரற்கடை இடைவெளியில் இணையாக ஓடும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே சின்னக் குச்சிகளைக் குறுக்கே வைத்திருப்பார்கள். நடுமையத்தில் இரண்டு நாணையும் சேர்த்து ஒரு சின்னப் பை, தோலிலோ துணியிலோ. அதில்தான் உருண்டை உட்காரும். கேள்வியின் முதல் பாதிக்கு இதுவே பதில்.

கம்பர் இதை எவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். "பண்டைநாள் இராகவன் பாணி வில்உமிழ் உண்டை" என்கிறார். பாணி என்றால் கை. வில் எய்த உண்டை என்று சொல்லவில்லை, வில் உமிழ்ந்த உண்டை. வாயில் வைத்திருந்த புளியங்கொட்டையைத் துப்புகிற மாதிரி, பைக்குள் இருந்ததை வில் துப்புகிறது. அவருக்கும் முன்னால் திருமழிசை ஆழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் "கூனி கூன் உண்டை கொண்டு அரங்க ஓட்டி" என்று பாடிவிட்டார். வால்மீகியில் இந்தச் சம்பவம் கிடையாது. நம் ஊரில் பிள்ளைகள் கையில் உண்டைவில் இருந்திருக்கிறது, அதனால் இராமன் கைக்கும் அது போயிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் மட்டும் இருந்ததும் இல்லை. சீனாவில் எட்டே எழுத்துகளில் ஒரு பழம்பாட்டு உண்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முந்தைய நூலில் அது பதிவாகியிருக்கிறது. மூங்கிலை வெட்டு, மூங்கிலைப் பூட்டு, மண்ணைப் பறக்கவிடு, இரையைத் துரத்து. அவ்வளவுதான் பாட்டு. 'பறக்கும் மண்' என்றால் உண்டை. தாய்லாந்தில் 'க்ரசுன்' என்றால் இன்று துப்பாக்கித் தோட்டா; முன்பு அந்தச் சொல் வில்லில் வைத்து அடிக்கும் களிமண் உருண்டையைக் குறித்தது. அரபியிலும் இதே கதை. 'புந்துக்' என்றால் அங்கே ஒரு கொட்டை. அதன் வடிவத்தில் இருந்ததால் வில்லில் அடிக்கும் உருண்டைக்கும் அந்தப் பெயர். பிறகு வெடிமருந்து வந்தது, பெயர் துப்பாக்கிக்கு ஏறியது. இந்தியில் 'பந்தூக்' என்று சொல்கிறார்களே, அதற்குள் ஒரு மண் உருண்டை இருக்கிறது.

இந்த வில்லுக்கு வாய்த்த ரசிகர்களில் பாக்தாத்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. 1180 முதல் 1225 வரை ஆண்ட கலீஃபா அல்-நாசிருக்கு உண்டைவில் என்றால் உயிர். பறவை அடிப்பவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, இன்னின்ன பறவையை வீழ்த்தினால்தான் தேர்ந்தவன் என்று விதி வகுத்துப் பழகிய காலம் அது. எல்லாக் குழுக்களுக்கும் தானே தலைவன், தன் பெயரைச் சொல்லித்தான் யாரும் அடிக்க வேண்டும் என்று கலீஃபா ஆணையிட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஒரே ஒருவனைத் தவிர. அவன் சிரியாவுக்கு ஓடிவிட்டான். பணம் தருகிறேன், கலீஃபா பெயரில் ஒரு பறவை அடி என்று ஆசை காட்டியும் மறுத்துவிட்டான். ஏன் என்று கேட்டவர்களுக்கு, உலகத்திலேயே கலீஃபா பெயரில் அடிக்காதவன் நான் ஒருத்தன்தான், அந்தப் பெருமை எனக்குப் போதும் என்றானாம். இப்னுல் அதீர் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

சரி, இப்போது கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அம்பு எய்யும்போது அம்பு வில்லின் நடுவே போவதில்லை, வில்லை ஒட்டிப் பக்கவாட்டில் போகிறது. நாணோ நடுவை நோக்கித் தள்ளுகிறது. அதனால் அம்பு கெண்டை மீன் மாதிரி நெளிந்து, வில்லைச் சுற்றி வளைந்து வெளியேறுகிறது. உருண்டைக்கு நெளியத் தெரியாது. நாண் எங்கே தள்ளுகிறதோ அங்கே நேராகப் போகும். நாணுக்கு நேர் எதிரே இருப்பது வில்லின் பிடி. பிடியில் இருப்பது உங்கள் கட்டைவிரல்.

நான் கற்பனையில் சொல்லவில்லை. மூங்கில் கடையில் ஒரு பிளாச்சு வாங்கி, நைலான் கயிற்றில் இரட்டை நாண் பூட்டி, பழைய பெல்ட்டில் பை தைத்து, மொட்டை மாடியில் முதல் உருண்டையை விட்டேன். என் இடது கட்டைவிரல் நகம் கறுத்து, விழுந்து, புது நகம் முளைக்க மாதக்கணக்கானது.

விடை மணிக்கட்டில் இருக்கிறது. விடும் நொடியில் வில் பிடித்த கை வெளிப்பக்கமாகச் சட்டென்று திரும்ப வேண்டும். உருண்டை வந்து சேர்வதற்குள் வில் அதன் பாதையிலிருந்து விலகியிருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நேரத்தைக் கணக்குப் போடுங்கள். உருண்டையை அரை மீட்டர் இழுக்கிறோம், அது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பையை விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுழியத்தில் தொடங்கி 40 வரை போவதால் சராசரி வேகம் 20. அரை மீட்டரை 20-ஆல் வகுத்தால் 25 மில்லிநொடி. நாண் நிற்கும் இடத்துக்கும் வில்லுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவான தூரம். அதற்கு இன்னொரு 4 மில்லிநொடி. ஆக மொத்தம் 30-க்கும் குறைவு.

கண்ணால் ஒன்றைப் பார்த்து, மூளைக்குச் செய்தி போய், கை அசைவதற்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். கண் சிமிட்டவே 100-க்கு மேல் வேண்டும். அதாவது, 'விட்டாச்சு, இப்போது திருப்பலாம்' என்று மூளை நினைப்பதற்கு முன்னால் உருண்டை பறவையைத் தாண்டிப் போயிருக்கும், அல்லது உங்கள் விரலை உடைத்திருக்கும். உண்டைவில்காரன் உருண்டை வருவதைப் பார்த்துக் கையைத் திருப்புவதில்லை. திருப்பவே முடியாது.

பிறகு எப்படி? அவன் கை முன்பே திரும்பிக்கொண்டிருக்கிறது. திரும்ப முடியாமல் நிறுத்தி வைத்திருப்பவை அந்த இரண்டு நாண்கள்.

கையில் வில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை பையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இடது மணிக்கட்டால் வில்லை வெளிப்பக்கம் முறுக்குகிறீர்கள். வில் திரும்ப வேண்டுமானால் ஒரு நாண் கொஞ்சம் நீள வேண்டும், மற்றது தளர வேண்டும். பையின் இரு ஓரமும் உங்கள் விரல்களுக்குள் சிக்கியிருப்பதால் அது நடக்காது. நீளவேண்டிய நாண் எதிர்த்து இழுக்கிறது. முறுக்கு அப்படியே தேங்கி நிற்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டே நிற்கும்போது உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளை எடுத்தால் என்ன ஆகும், அதுதான். பையை விட்ட கணத்தில் பை எந்தப் பக்கமும் திரும்பத் தயார். எதிர்ப்பு போய்விடுகிறது, தேங்கிய முறுக்கு முழுதும் வில்லைத் திருப்புவதில் இறங்குகிறது. தாழ்ப்பாளை எடுக்கும் விரலும் உருண்டையை விடும் விரலும் ஒன்றே என்பதால் இரண்டுக்கும் நடுவே தாமதமே இல்லை. ஒற்றை நாணில் பையைக் கட்டியிருந்தால் இந்தத் தாழ்ப்பாள் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. உருண்டை விழாமல் இருக்கத்தான் இரட்டை நாண் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகன் இதைக் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்தான். நொடிக்கு 240 படங்கள், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிநொடி. விரல் விட்டதிலிருந்து உருண்டை வில்லைக் கடப்பது வரை மொத்தம் ஏழு படங்கள். முதல் இரண்டில் வில் அசையவே இல்லை. மூன்றாவதில் பிடியின் ஓரம் மங்கலாகிறது. ஐந்தாவதில் வில்லின் தட்டையான முகம் திரும்பி மூங்கிலின் நரம்பு தெரிகிறது. ஏழாவதில், கட்டைவிரலுக்கும் உருண்டைக்கும் நடுவே மாடிச் சுவரின் வெள்ளை ஒரு கோடாகத் தெரிகிறது. அந்த வெள்ளைக் கோட்டை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை.

'கைராசி', 'மந்திரம் ஓதிய வில்' என்றெல்லாம் கிராமத்தில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் வருத்தம்தான். வருடக்கணக்காகப் பழகிய ஒரு மனிதனின் தசைக்குச் சேரவேண்டிய பெருமையை ராசிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

உருண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூழாங்கல் போதாதா என்று கேட்கலாம். கூழாங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எடை மாறினால் வேகம் மாறும், குறி தப்பும். கண்மாய்க் கரம்பையைப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினால் அத்தனையும் ஒரே அளவு. வெயிலில் காயப்போடக் கூடாது. மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், விரிசல் விழும். நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டால் கோலிக்குண்டு மாதிரி இறுகும். ஒன்றரை சென்டிமீட்டர் உருண்டை ஏறத்தாழ மூன்றரை கிராம். 40 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 3 ஜூல்கூட வராது. 10 கிலோ விசையுள்ள வில்லை அரை மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 25 ஜூல் சேர்கிறது. மீதியெல்லாம்? வில்லின் கைகளும் நாணும் தாங்களே பாய்வதற்கு எடுத்துக்கொள்கின்றன. அதனால் உண்டைவில்லுக்குப் பெரிய கனமான வில் வீண். லேசான, மெல்லிய மூங்கில்தான் சரி. சின்னப் பிள்ளைகளால் இழுக்க முடிந்ததற்குக் காரணமும் அதுதான்.

இவ்வளவு நுட்பத்தையும் ஓரங்கட்டியது ரப்பர். 1844-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும் ரப்பர் ஊரெல்லாம் கிடைக்க ஆரம்பித்தது. அப்புறம் கவட்டை வந்தது. கவட்டையின் அழகே நடுவில் ஒன்றும் இல்லாததுதான். உருண்டை போக வழி திறந்தே கிடக்கிறது, மணிக்கட்டு எதையும் கற்க வேண்டியதில்லை. பழைய வில் போய்விட்டது, பெயர் மட்டும் புதுச் சாமானுக்கு வந்துவிட்டது. தமிழில் உண்டிவில், இந்தியில் குலேல், பிரேசிலில் பொடோக். மூன்று இடத்திலும் வில்லின் பெயரைக் கவட்டை எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்து வளரி என்ற வளைந்த எறிதடிக்காவது ஒரு சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, வளரி எறியத் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். உண்டைவில்லுக்கு அப்படி ஒரு வெல்ஷ் வாய்க்கவில்லை. மூங்கிலும் மண்ணும் கரையான் தின்று போகிற பொருள்கள். வாளும் வேலும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், இது போகாது. மத்திய இந்தியப் பழங்குடி ஊர்களில் இதைக் கையாளத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, ஒரு நல்ல அதிவேகக் கேமராவும் இரண்டு மாணவர்களின் பயணச் செலவும் கிடைத்தால், அந்த மணிக்கட்டை அளந்து வைத்துவிடலாம். ராக்கெட்டுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கல்லூரி விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது என்பதைத்தான் சொல்கிறேன்.

பறவையைக் குறிவைப்பது பற்றி: வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சுவரில் தொங்கவிட்ட தகர டப்பாவே போதுமான குறி. 'டங்' என்று சத்தமும் வரும்.

திருமங்கலத்து மாணவி பதிலுக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார். மணிக்கட்டைத் திருப்பாமல், பையை மட்டும் சாய்த்துப் பிடித்து, உருண்டையையே ஓரமாகப் போக வைக்க முடியாதா? சென்ற ஞாயிற்றுக்கிழமை இடது மணிக்கட்டில் ஒரு மரத்துண்டு வைத்துத் துணியால் கட்டி, கட்டைவிரலுக்குத் தோலுறை மாட்டி முயன்றோம். சில உருண்டைகள் போயின, சில போகவில்லை. வில்லின் வலது விளிம்பில், பிடிக்கு ஒரு விரல் மேலே, கரம்பை மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.