சர்க்கரை நோயாளிக்கு ரத்தசோகை: பேரீச்சம்பழத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய, பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் ஒருவரை, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று தாராவியிலிருந்து அவருடைய மகன் அழைத்து வந்தார். கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8-ஐக்கூடத் தொடவில்லை. ரத்தம் குறைவு என்பது வீட்டில் முன்பே தெரியும் என்றும், அதற்காகத்தான் இரவில் பாலில் பேரீச்சம்பழமும் காலையில் வெல்லம் சேர்த்த எள்ளுருண்டையும் கொடுத்து வருவதாகவும் மகன் சொன்னார். துருவிக் கேட்டபோதுதான், முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தாமே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியதும், மலம் தாராகக் கறுத்துப் போனதும் வெளிவந்தன. அந்த வலி மாத்திரையால் வந்த வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

இந்தப் பேரீச்சம்பழ நம்பிக்கையோடு நான் போராடாத வாரமே இல்லை. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். சர்க்கரையோ 60 கிராமுக்கு மேல். அந்த ஒரு மில்லிகிராமிலும் குடல் உறிஞ்சுவது சிறு பங்குதான். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் ஒரே ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. வெல்லம் கறுப்பாக இருந்தாலும் சர்க்கரைதான். இவற்றைச் சாப்பிட்டு ஹீமோகுளோபின் ஏறாமல் சர்க்கரை மட்டும் ஏறி வருபவர்களைப் பார்க்கும்போது கோபத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது, ஏனென்றால் அந்த வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை.

ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே போனால் அது ரத்தசோகை. சர்க்கரை நோயாளிக்கு அது வரும் வழிகள் பல. சிறுநீரகம் பழுதானால் ரத்தம் உற்பத்தியாகத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் குறைந்துவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு பி12-ஐப் பார்க்காமல் விடுவது எங்கள் தொழிலிலேயே அடிக்கடி நடக்கிறது. ஆறாத கால்புண்ணோ வேறு அழற்சியோ இருந்தால், இரும்பு குறைந்திருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் சரியாக இருப்பதுபோலக் காட்டும். அப்போது டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும், அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். பெண்களிடம் மாதவிடாய்ப் போக்கைக் கேட்காமல் இரும்பு மாத்திரை எழுதுவதில் பொருளில்லை.

இன்னொன்று, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்று நீங்கள் நம்பும் ஹெச்பிஏ1சி பரிசோதனை. இரும்புக் குறைவு இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் ஏற்றிய பிறகோ, எரித்ரோபாய்டின் ஊசி போட்டுக்கொள்ளும்போதோ குறைவாகக் காட்டலாம். தவறாகக் கூடித் தெரியும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும். ஆகவே ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் காலத்தில் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் லேசான வடிவம்) உள்ளவருக்கு, இரும்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் தவிர, அதனால் பயனில்லை. மருத்துவர் எழுதித் தந்தால் டீயோடோ காபியோடோ விழுங்காதீர்கள், சாப்பாடு முடிந்த கையோடு கட்டிங் டீ குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் மாத்திரை சாப்பிடாதவருக்குக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் ஆகும்.

அடுத்த முறை வரும்போது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். டாக்டர் திட்டுவார் என்று தயவுசெய்து எதையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.