முகில்: சொல் விளக்கம்

முகில் (பெயர்ச்சொல்): காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகவோ பனிக்கட்டித் துகள்களாகவோ மாறி, வானில் திரண்டு மிதக்கும் கூட்டம். பேச்சில் மேகம் என்ற சொல் முந்திக்கொண்டு வந்தாலும், இலங்கைப் பாடநூல்கள் முகில் என்றே எழுதி வருகின்றன. நல்ல வழக்கம் அது; விட்டுவிடக் கூடாது.

மேகம் வடசொல். பொழிதல், நீர் கழித்தல் என்னும் பொருள்தரும் ‘மிஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது. சிறுநீரைக் குறிக்கும் ‘மேஹ’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். வடமொழியில் இவ்விரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் இரண்டும் மேகம் ஆகிவிட்டன. சிறுநீர் தொடர்பாக நாட்டு வைத்தியர் சொல்லும் மேகநோயும் வானத்து மேகமும் ஒரே பெயரில் வழங்குவது இதனால்தான். முகிலோ நம் மொழிக் குடும்பத்துச் சொல். மலையாளத்தில் முகில், கன்னடத்தில் முகிலு, தெலுங்கில் மொயிலு.

தமிழில் இதற்குப் பெயர் பல: கார், மஞ்சு, எழிலி, கொண்மூ. மழை என்ற சொல்லே பழைய பாடல்களில் முகிலையும் குறிக்கும். புயலும் அப்படித்தான். ‘புயலென்னும் வாரி’ குன்றினால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிறது குறள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பில் புயல் என்றால் இன்று எவருக்கும் நெல் நினைவுக்கு வராது. சாய்ந்த தென்னைகள்தான் நினைவுக்கு வரும்.

என் மனம் அதிகம் ஒட்டுவது கொண்டல் என்ற சொல்லில். ‘கொள்’ என்பதன் அடியாகப் பிறந்தது. நீரைக் கொண்டது கொண்டல். கீழ்க்காற்றுக்கும் அதுவே பெயர். இலங்கையின் கிழக்குக் கரையில் வாழும் நமக்கு இந்த இரட்டைப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று கடல் ஆவியை அள்ளிக்கொண்டு நம் கரையில் ஏறுகிறது. மேலே எழும் காற்று விரிந்து குளிர்கிறது. உலர்ந்த காற்றானால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ். ஓர் உயரத்தில் ஆவியைத் தாங்க முடியாமல் போகிறது. கடலலை தெறித்த உப்புத்துகளும் தூசும் கருவாக அமைய, அவற்றைச் சுற்றி ஆவி ஒடுங்கித் துளியாகிறது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் திரள்முகில்களின் அடிப்பகுதி கத்தியால் அறுத்ததுபோல் தட்டையாகத் தெரியும். ஒடுங்கல் தொடங்கும் உயரம் அதுதான்.

ஒரு முகில் துளி மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. ஏறத்தாழ பத்து இலட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

இதற்கு நேர்மாறு கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும். அதனால் முகில் கரைந்துபோகிறது. ஆனி, ஆடியில் வயல் வெடிக்கிறது.

கொண்டல் தந்த நீர் உன்னிச்சைக் குளத்திலும் அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரத்திலும் தங்கி நெல்லுக்குப் பாய்கிறது. மட்டக்களப்பு வாவியில் சேர்வது முகத்துவாரம் வழியே கடலுக்குத் திரும்புகிறது. இதைத்தான் நீர் வட்டம் என்கிறோம். ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்ற குறளில் இந்த வட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘தடிந்து’ என்பதற்குப் பரிமேலழகர் ‘குறைத்து’ என்று பொருள் கொள்கிறார். கடலைக் குறைத்து எடுத்த முகில் அதற்கே திருப்பிப் பெய்யாவிட்டால் கடலும் வளம் குன்றும்.

முகில் வகைகளுக்கு இலத்தீன் பெயர்களை 1802இல் வகுத்தவர் லண்டன்வாசி லூக் ஹவார்ட். சீரஸ் நமக்குக் கீற்றுமுகில், கியூமுலஸ் திரள்முகில், ஸ்ராற்றஸ் படைமுகில். மழை பொழியும் நிம்பஸுக்குக் கார்முகில் என்ற பழஞ்சொல்லே போதும்.