கிருமிகள் கைமாற்றும் மரபணு

மருந்துக்கு அடங்காத கிருமி தீக்கும் அடங்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் சால்மோனெல்லாவும் நன்றாக வேகவைத்தால் மற்றக் கிருமிகளைப் போலவே சாகும். சிக்கல் அரைவேக்காட்டு இறைச்சியிலும், பச்சை இறைச்சியை வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே நறுக்கும் காய்கறியிலும்தான் இருக்கிறது.

எதிர்ப்பு உருவாகும் விதங்களில் எளியது மரபணுப் பிழை. கோழிக்குடலில் வாழ்ந்து, இறைச்சி வழியே நமக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். அதன் டி.என்.ஏ.வின் முறுக்கைச் சீராக்கும் கைரேஸ் என்ற நொதியைப் பற்றிக்கொண்டுதான் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதைக் கொல்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும்: நொதியின் 86-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் என்ற வேறொன்று வந்து உட்காரும், மருந்துக்குப் பிடி கிடைக்காது. இந்தப் பிழையை மருந்து உண்டாக்குவதில்லை. தற்செயலாகப் பிழை நேர்ந்த ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழித்து, அவை பெருக இடம் பண்ணிக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான கோழிகளில் நோயுற்றதை மட்டும் பிடித்து மருந்து தர முடியாது என்பதால் பண்ணைகளில் தண்ணீரிலேயே கலந்துவிடுகிறார்கள். நோயில்லாத கோழியின் குடலிலும் இதே களையெடுப்பு நடக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம் அது; மருந்தை எதிர்க்கும் மரபணு அதில் ஏறியிருக்கலாம். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று அதன் நகலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். சமையல் குறிப்பைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது மாதிரி; கொடுத்தவருக்கு இழப்பே இல்லை. வாங்குவது வேற்றினமாகவும் இருக்கலாம். ஆகவே இறைச்சியோடு வந்த ஈ.கோலை என்ற பாக்டீரியா நம் குடலில் நோய் எதையும் உண்டாக்காமல் சில நாளில் வெளியேறிவிட்டாலும், அதற்குள் தன் பிளாஸ்மிட்டை அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாவிடம் ஒப்படைத்திருக்கக்கூடும்.

இதற்குப் பேர்போன உதாரணம் எம்சிஆர்-1 என்ற மரபணு. மற்ற மருந்துகள் கைவிட்ட பின் மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது கோலிஸ்டின். சீனாவில் அதைப் பன்றிகளின் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சேர்த்தார்கள். நேர்மின்னூட்டம் கொண்ட இந்த மருந்து, கிருமியின் எதிர்மின்னூட்டச் சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கும். எம்சிஆர்-1 மரபணு தரும் நொதியோ சவ்வின் மேல் ஒரு வேதித்தொகுதியைச் சேர்த்து அந்த எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது; மருந்து ஒட்டுவதில்லை. பிளாஸ்மிட்டில் ஏறிய இந்த மரபணுவைப் பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கண்டதாக 2015-இல் அறிவித்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது.

மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு மறையுமா? சீனா 2017-இல் கோலிஸ்டினைத் தீவனத்திலிருந்து விலக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கால்நடைகளில் மட்டுமல்ல, மனிதக் குடலிலும் எம்சிஆர்-1 கணிசமாகக் குறைந்தது. அந்த மரபணுவைச் சுமப்பது கிருமிக்குப் பாரம். மருந்து இல்லாத இடத்தில் பாரமற்றவை முந்திக்கொள்ளும். கேம்பைலோபாக்டரில் கதை வேறு. கோழிகளுக்கு, சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த என்ரோஃப்ளாக்சசின் தருவதை அமெரிக்கா 2005-இல் தடை செய்தது. ஆனால் மருந்தே தராத கோழிகளில் எதிர்ப்புள்ளது, இல்லாதது என இரு வகைக் கிருமிகளையும் ஒன்றாக விட்டுச் சோதித்தபோது, கைரேஸ் மாறிய கிருமி பின்தங்கவில்லை; சில திரிபுகளில் சாதாரணக் கிருமியை வென்றே விட்டது.