கொன்மிகோவின் வாலில் ஒரு 'கோ'

ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "'கொன்' என்றால் உடன், 'மி' என்றால் என். அப்படியானால் 'என்னுடன்' என்பது 'கொன் மி' என்றுதானே வரணும்? 'கொன்மிகோ' என்கிறார்களே, அந்தக் 'கோ' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?" இதே கேள்வியை நானும் வகுப்பில் கேட்டு, "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்ற பதிலை வாங்கியவன்தான்.

அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடலாம். எழுவாயாக வரும் 'நான்' ஸ்பானிஷில் யோ, 'நீ' தூ. பெரும்பாலும் இவற்றைச் சொல்லவே மாட்டார்கள், 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' தான், விகுதியே ஆளைக் காட்டிவிடும். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'என்னைப் பார்க்கிறான்' என்றால் யோ 'மே' ஆகி வினைக்கு முன்னால் போய் உட்காரும்: மே மிரா. 'எனக்காக' பாரா மி, 'நான் இல்லாமல்' சின் மி. சரி, கொன் வந்தால்? கொன்மிகோ, கொன்திகோ (உன்னுடன்), கொன்சிகோ (தன்னுடன்).

விடை லத்தீனில் இருக்கிறது. அங்கே 'உடன்' என்பது கும். பெயர்ச்சொல் என்றால் அது முன்னால் நிற்கும், ஆனால் 'நான்', 'நீ' மாதிரி சொற்களோடு மட்டும் பின்னால் ஒட்டும். மே + கும் = மேக்கும். அப்படியே நம் 'என்னுடன்' வரிசை! நாளாவட்டத்தில் கடைசி 'ம்' பேச்சில் தேய்ந்தது, இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிய வல்லோசை 'க்' மெலிந்தது. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல, கல்லில் வரும் 'க' வேறு, அகலில் வரும் 'க' வேறு. நாம் எழுத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றினார்கள், அவ்வளவுதான். கூடவே இருந்த 'மி'யின் சாயல் ஏறி, மேக்கும் கடைசியில் 'மிகோ' ஆனது.

இங்கேதான் வேடிக்கை. இந்த மிகோவுக்குள் 'உடன்' ஒளிந்திருப்பது பேசுகிறவர்களுக்கு மறந்தே போனது. வால் வெறும் வாலாகத் தெரிந்ததால், பொருள் வர இன்னொரு 'கொன்'னை முன்னால் வைத்தார்கள். அந்தக் கொன்னும் பழைய கும்மிலிருந்து வந்ததுதான்! ஆக, கொன்மிகோவைப் பிரித்தால் 'உடன்-என்-உடன்'. சிரிக்காதீர்கள், 'நடுசென்டர்ல நிக்காதே' என்கிறவர்கள்தானே நாம்?

இதே கேள்வியை வாட்ஸப் குழுவில் போட்டால், "கோ என்றால் தமிழில் அரசன், ஆகவே..." என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஒலி ஒத்துப்போவது ஆதாரமே இல்லை. அந்த மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லத்தீனில் நண்பன் அமீக்குஸ், ஸ்பானிஷில் அமிகோ. ஏரி லாக்குஸ், லாகோ. எறும்பு ஃபோர்மீக்கா, ஒர்மிகா. வரிசையாக 'க்' மெலிந்திருக்கிறது. அதனால்தான் மிகோவின் கதையை நம்புகிறேன்.

இன்னொரு தடயமும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 'அப்பெந்திக்ஸ் ப்ரோபி' என்று ஒரு பழைய லத்தீன் பிழைதிருத்தப் பட்டியல், 'இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே' என்று இருநூற்றுச் சொச்சம் சொற்கள். அதில் 'நோபிஸ்கும் என்று சொல், நோஸ்கும் அல்ல' என்று ஒரு வரி. நோபிஸ்கும் என்றால் 'எங்களுடன்'. ஒருவர் உட்கார்ந்து இதைத் திருத்தி எழுதியிருக்கிறார் என்றால், தெருவில் எல்லோரும் நோஸ்கும் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். திட்டு வாங்கிய அந்தச் சொல்லும் முன்னால் ஒரு கொன்னை மாட்டிக்கொண்டு பழைய ஸ்பானிஷில் 'கொன்னுஸ்கோ' என்று வாழ்ந்தது. அப்புறம் நோசோத்ரோஸ் (பொருள் 'நாங்கள்', பிரித்தால் 'நாங்கள் மற்றவர்கள்') வந்து அதைத் தள்ளிவிட்டது. இன்று 'கொன் நோசோத்ரோஸ்' தான். பக்கத்துவீட்டுப் போர்ச்சுகீசியத்தில் அது சாகவில்லை. பிரேசிலில் 'எங்களுடன்' என்பதற்கு இன்றைக்கும் 'கொனோஸ்கு' என்கிறார்கள்.