போனி எக்ஸ்பிரஸ்: 'குதிரை அஞ்சல்' என்றாலே போதும்

அமெரிக்க மேற்கைப் பற்றிய கதைகளிலும் கவ்பாய் படங்களிலும் அடிக்கடி காதில் விழும் பெயர் 'போனி எக்ஸ்பிரஸ்'. இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் கை தானாக 'மட்டக்குதிரை விரைவு' என்று எழுதும். படிக்கிறவருக்கோ ஏதோ மலை ரயிலின் பெயர் போலத் தோன்றும். சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் எங்கேயோ நழுவிவிடுகிறது.

முதலில் விஷயம். 1860 ஏப்ரல் 3 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரிலிருந்து கலிபோர்னியாவின் சேக்ரமென்டோவுக்குத் தொடங்கிய தனியார் கடிதப் போக்குவரத்து இது. தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பத்து நாளில் கடிதம் போய்ச் சேரும். நடத்தியவர்கள் ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் என்ற மூன்று பங்காளிகள்.

ஏன் செயின்ட் ஜோசப்? ஜோசப் ரோபிடூ என்ற மென்மயிர்த்தோல் வியாபாரி 1843இல் மனை பிரித்து உருவாக்கிய ஊர் அது. 1859 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்து ஊரான ஹனிபலிலிருந்து இருப்புப்பாதை அங்கே வந்து சேர்ந்தது. கிழக்கிலிருந்து வரும் ரயில் அதோடு முடிந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே மிசௌரி ஆறு, அக்கரையில் கான்சஸ். கிழக்கிலிருந்து ரயிலில் வரும் கடிதக்கட்டு இங்கே இறங்கிக் குதிரை ஏறும், குதிரை படகு ஏறும். பேட்டீ ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலில் அலுவலகம். குதிரை கட்டிய லாயம் இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிறது.

முதல் நாளே தாமதம். கிழக்கிலிருந்து கடிதப்பை கொண்டுவந்தவர் வழியில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டார். ஹனிபலிலிருந்து தனி ரயில் விட்டு, சுமார் 330 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்துக்குள் ஓட்டிவந்தார்கள். கூடியிருந்த கூட்டம் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் இருட்டும் நேரத்தில்தான் குதிரை கிளம்பியது. முதலில் ஏறியவர் யார் என்பதில் இன்றும் சண்டை உண்டு. ஜானி ஃப்ரை என்பது பலர் கட்சி.

இனி 'போனி'. பிரெஞ்சில் குதிரைக்குட்டியைக் குறித்த சொல் ஸ்காட்லாந்து வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, உயரம் குறைந்த குதிரை வகைக்கு நிலைத்தது. நம் 'மட்டக்குதிரை' அதற்குப் பொருத்தமான சொல்லே. ஆனால் இந்த அஞ்சலில் ஓடியவை எல்லாம் மட்டக்குதிரைகள் அல்ல. சமவெளிப் பகுதிக்கு நல்ல ஓட்டக் குதிரைகளையும் மலைக்கும் பாலைக்கும் முரட்டு முஸ்டாங் வகையையும் வாங்கினார்கள். பெயரில் 'போனி' இருப்பது செல்லத்துக்கு. அதை இழுத்துப் பிடித்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

'எக்ஸ்பிரஸ்' இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'அழுத்தி வெளியே கொண்டுவந்தது' என்று பொருள். அதிலிருந்து 'தெளிவானது', 'இதற்கென்றே உள்ளது' என்று நீண்டது. ஒரே வேலைக்கென்று அனுப்பிய ஆள் வேகமாகப் போவான் அல்லவா? அப்படித்தான் வேகம் ஒட்டிக்கொண்டது. அன்றைய அமெரிக்காவில் பார்சலும் பணமும் கொண்டுபோகும் தொழிலுக்கும் அதுவே பெயர். நமக்கு எக்ஸ்பிரஸ் என்றால் ரயில், அதனால் 'விரைவு' என்று சுருக்கிவிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டின் உயிர் வேகமான குதிரை அல்ல, மாற்றுக் குதிரை. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு நிலையம், அங்கே தயாராக இன்னொரு குதிரை. 75 முதல் 100 மைல் வரை ஓட்டியபின் ஆளும் மாறுவார். மாறாதது 'மோச்சிலா' மட்டும். சேணத்தின் மேல் போர்த்தும் தோல் விரிப்பு அது, மூலைக்கு ஒன்றாக நான்கு பைகள். மூன்றுக்குப் பூட்டு, ஒன்று வழியில் சேரும் கடிதங்களுக்கு. உருவிப் புதுக் குதிரை மேல் போட்டு ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. இந்த ஸ்பானியச் சொல்லுக்கு இன்றைய பொருள் முதுகில் மாட்டும் பை. தமிழில் 'சேணப்பை' எனலாம். அரை அவுன்ஸ் கடிதத்துக்குத் தொடக்கத்தில் 5 டாலர், ஆகவே மெல்லிய தாளில் எழுதி அனுப்பினார்கள்.

கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் இந்த முறைக்குத் தமிழில் சொல் தேட வேண்டாம். 'அஞ்சல்' அதுதான். இலங்கையில் தொடர் ஓட்டத்துக்கு 'அஞ்சல் ஓட்டம்' என்கிறார்கள். வானொலியில் ஒரு நிலைய நிகழ்ச்சியை மற்ற நிலையங்கள் 'அஞ்சல் செய்யும்'. திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலோடு ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். தபால் என்றாலும் கடிதம் புரியும், ஆனால் அந்தக் கைமாற்று அதில் கேட்காது. எனவே 'குதிரை அஞ்சல்' என்பது என் தேர்வு. வேகத்தையும் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'விரைவுக் குதிரை அஞ்சல்'.

எனக்குச் சரியாக மசியாத சொல் ஒன்றுதான்: செயின்ட் ஜோசப்பை வருணிக்கும் 'ஃபிரான்டியர் டவுன்'. 'எல்லை நகரம்' என்றால் நமக்கு ஓசூரும் செக்போஸ்ட்டும் நினைவுக்கு வரும். இங்கே பக்கத்தில் வேறு நாடு இல்லை. வெள்ளையர் குடியேற்றம் அதுவரை வந்து நின்ற விளிம்பு, அவ்வளவே. அதற்கு அப்பால் பூர்வகுடிகள் பல தலைமுறையாக வாழ்ந்த நிலம். 'குடியேற்ற விளிம்பூர்' என்று எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. தவிர, எல்லைக்கல் நட்ட இடத்தில் நிற்கும், இந்த விளிம்பு நகரும். 1861 அக்டோபர் 24 அன்று தந்திக்கம்பி நாட்டின் கிழக்கு, மேற்குக் கடற்கரைகளை இணைத்தது, இரண்டே நாளில் குதிரை அஞ்சலை நிறுத்தினார்கள். 1869இல் ரயிலும் கலிபோர்னியாவோடு இணைந்துவிட்டது. இன்றைய வரைபடத்தில் செயின்ட் ஜோசப் கிட்டத்தட்ட நாட்டின் நடுவில் இருக்கிறது.